துடைத்து வைக்க வேண்டிய இரும்பு

“செத்துப்போனவனுக்கு எதுக்குக் கத்தி? ஃபோன் பண்ணி வேணாம்னு சொல்லிடு. முடிஞ்சுது.” நேற்று சாப்பிடும்போது சொன்னதை இன்றைக்குக் காலையில் காப்பியோடு திரும்பவும் சொன்னார் என் வீட்டுக்காரர். ஒரு எழுத்து மாறவில்லை. அதே இடத்தில் மூச்சு, அதே ‘முடிஞ்சுது’. சென்னை பாடியில் ஒரு ஃபேக்டரியில் காலமெல்லாம் லாரி ஸ்பிரிங் பட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்து ‘ஓகே’, ‘ரிஜெக்ட்’ என்று சாக்பீஸால் எழுதிய மனுஷன், அதே கையால் என் பிள்ளைக்கும் எழுதிவிட்டார். செத்துப்போனவன். பேர் இல்லையா அவனுக்கு? உங்கள் அப்பா பேரைத்தானே வைத்தது, தரணீதரன் என்று, நான் சின்னதாக ஏதாவது வைக்கலாம் என்றபோது குதித்தது யார்? “செத்துப்போனவன்னு சொல்லாதீங்க, பேரைச் சொல்லுங்க” என்றேன். டம்ளரை வைத்தார். எழுந்தார். எங்கள் அறைக்குப் போவார், பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துக்கொள்வார் என்று பார்த்தால், தரணியுடைய அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். துருப்பிடித்த தாழ்ப்பாள், கீச்சென்று கத்தியது. காரியம் முடிந்ததிலிருந்து அந்த வாசலைத் தாண்டாதவர். நான்தான் தினமும் பெருக்குகிறேன், விரிப்பை மாற்றுகிறேன், யாரும் படுக்காத விரிப்பை எதற்கு மாற்றுகிறாய் என்று கேட்க ஆள் இல்லாத தைரியத்தில் மாற்றுகிறேன். இவர் வாசலோடு நின்று திரும்பிவிடுவார். இன்றைக்கு என்ன வந்தது? உள்ளே என்ன செய்கிறார்? நாற்காலியில் உட்கார்ந்தால் அது முனகும், முனகவில்லை. கட்டில் என்றால் அந்தப் பலகை சத்தம் போடும், போடவில்லை. நடுவில் நிற்கிறாரா? நின்றுகொண்டே இருக்கட்டும். முடிஞ்சுதாம். எது முடிந்தது, எனக்கு யாராவது சொல்லுங்களேன், எனக்குத்தான் ஒன்றும் முடிகிற மாதிரி தெரியவில்லை.

வாழைப்பூவை வாங்கியிருக்கக்கூடாது. வாங்கியாயிற்று, கறுப்பதற்குள் ஆய்ந்தாக வேண்டும். விரலில் தேங்காயெண்ணெய் தடவி, கிண்ணத்தில் மோர்த் தண்ணீர் வைத்து, பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருக்கிறேன், ஒவ்வொரு பூவாகப் பிரித்து நரம்பை இழுத்து, அந்தக் கண்ணாடித் தோலையும் கிள்ளிப் போட வேண்டும், ஒன்று விட்டாலும் வாயில் நிற்கும். பொறுமை இல்லாதவள் செய்கிற வேலையா இது? ‘அம்மா வாழைப்பூ ஆயறதைப் பாத்தா போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும்’ என்பான். நீ ஒரு நாள் ஒரு மடல் ஆய்ந்து கொடுத்திருப்பாயா, மலை ஏறத் தெரிந்தது, மூட்டை தூக்கத் தெரிந்தது. மடலைப் பிரிக்கப் பிரிக்க உள்ளே இன்னொரு மடல். ஃபோன் சமையல் மேடை மேல் இருக்கிறது. என் ஃபோன் இல்லை, அவனுடையது. ரீசார்ஜ் நான்தான் செய்கிறேன், சார்ஜும் நான்தான் போடுகிறேன், அது இவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். முந்தாநாள் அது அடித்தபோது கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். என்ன நினைத்து ஓடினேன் என்று கேட்காதீர்கள். ‘ஆம்பூர் இம்தியாஸ் கத்தி’ என்று பேர் வந்தது. கத்தியா? யார் அது, எந்தக் கும்பலோடு சேர்ந்தான் என்று அந்த ஒரு நொடியில்கூட எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவே எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா, அவன்மேல் புதிதாக ஒரு கோபம். “தரணி ப்ரோ, உங்க டர்ன் வந்துடுச்சு!” என்று சந்தோஷமாகக் கத்தியது அந்தக் குரல். நான் தரணி அம்மா என்றேன். “சாரி ஆன்ட்டி. தம்பி இல்லையா?” இல்லை என்றேன். “மலைக்குப் போயிட்டாரா?” ஆமாம் என்றேன். “அங்கெல்லாம் சிக்னல் கிடைக்காதே.” கிடைக்காது என்றேன். நானாக எந்தக் கதையும் கட்டவில்லை, அவன் கேட்கக் கேட்கத் தலையாட்டினேன், ஃபோனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும், வாயாலும் சொன்னேன்.

அப்புறம்தான் புரிந்தது. ஆள் சொல்கிறபடி கையால் கத்தி செய்து கொடுக்கிறவனாம் இந்த இம்தியாஸ். காட்டுக்குப் போகிறவர்கள், மீன் பிடிக்கப் போகிறவர்கள் எல்லாம் பேர் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருப்பார்களாம், இரண்டு வருஷம், சில பேருக்கு அதற்கும் மேல். கல்யாணச் சத்திரத்துக்குக்கூட இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. தரணி பேர் கொடுத்தபோது எந்த இரும்பு என்று மட்டும் சொல்லவில்லை, என் முறை வரும்போது சொல்கிறேன் என்றிருக்கிறான். எதையும் கடைசி நிமிஷத்துக்கு வைப்பது, பரீட்சை ஃபீஸிலிருந்து அதே வழக்கம். இப்போது முறை வந்துவிட்டது. பாருங்கள், முறை வந்துவிட்டது. இந்தத் தடவை வெட்டுகிற கத்திகளுக்கெல்லாம் இன்றைக்குப் பதினோரு மணிக்குள் இரும்பு முடிவாக வேண்டும், இல்லையென்றால் இந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். “கேட்டு வைங்க ஆன்ட்டி, நானே கூப்பிடறேன்.” கேட்டு வைக்கிறேன் என்றேன். யாரிடம் கேட்பது?

மூன்று இரும்பு. பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னான், பாவம், நல்ல பிள்ளை. பேரிங் செய்கிற ஸ்டீல் ஒன்று, சவரம் செய்கிற அளவுக்குக் கூர் ஏறும், அந்தக் கூர் நாள்பட நிற்கும். லாரி ஸ்பிரிங் பட்டை செய்கிற ஸ்டீல் இரண்டாவது, கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும், ஆனால் விறகின்மேல் வைத்துக் கட்டையால் அடித்தாலும் ஒடியாது, வளைந்து கொடுத்துத் திரும்பும். இரண்டும் துருப்பிடிக்கும். மூன்றாவது ஸ்டெயின்லெஸ். “அதுல ஒரு கவலையும் இல்ல ஆன்ட்டி, மறந்துட்டாக்கூட அப்படியே இருக்கும்.” தம்பி எப்படி யூஸ் பண்ணுவாரு, விறகு பிளப்பாரா, காய் நறுக்கறது கயிறு அறுக்கறதோட சரியா, மழையில அதிகம் போவாரா, யூஸ் பண்ணினதும் துடைச்சு வெப்பாரா? துடைப்பானா! ஈரத் துண்டை உலர்த்தத் தெரியாது, டிபன் பாக்ஸ் பையிலேயே கிடந்து பூசணம் பூக்கும், ஷூவைக் கழற்றினால் ஒன்று வாசலில் ஒன்று சோஃபா அடியில். துடைக்க மாட்டான்ப்பா என்றேன். அவன் சிரித்தான். “எல்லா வீட்டு அம்மாவும் இதைத்தான் சொல்றாங்க. அப்ப ஸ்டெயின்லெஸ்ஸே போட்டுடலாமா?” போட்டுடு என்று நாக்கு நுனிக்கு வந்தது. வந்து நின்றது. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நானாவது ஸ்டெயின்லெஸ் வேண்டாம் என்பதாவது! திருவான்மியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் பண்ணுகிறவளிடம் துருவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டுமா? ஜன்னல் கம்பி, ஏ.சி. ஸ்டாண்டு, கேஸ் அடுப்பின் கால், ஃப்ரிட்ஜின் அடி, பெட்டிக்குள் துணிக்கு நடுவே வைத்த ஊக்குகூட. வருஷத்துக்கு ஒரு பெயின்ட் அடித்து அதை ஏமாற்றப் பார்த்தால் பெயின்ட்டுக்கு அடியிலேயே நடந்துபோய் இன்னொரு பக்கம் வெளியே வரும். இந்த வீட்டில் நான் வைத்துக் காப்பாற்றுகிற இரும்பு இரண்டுதான், தோசைக்கல்லும் இந்த அரிவாள்மனையும். கழுவின கையோடு துணியால் ஒற்றி, அடுப்பில் ஒரு நிமிஷம் காட்டி, எண்ணெய் தொட்டுத் தடவி வைத்தால்தான் காலையில் முகம் கொடுக்கும், ஒரு ராத்திரி ஏமாந்தால் போச்சு, செம்மண் பூத்திருக்கும். அதற்கும் கான்வென்ட்டில் சிஸ்டர் ஃபிலோமினா பழக்கியது காரணம், தையல் வகுப்பு முடிந்து மணி அடித்தாலும் விடமாட்டார், கத்தரிக்கோலை ஃபிளானல் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினால்தான் கதவு திறக்கும். எனக்கு வெளியே ஓட வேண்டும், காலைத் தரையில் உதைத்துக்கொண்டே துடைப்பேன். “சாருமதி, நாட் யுவர் ஸ்கர்ட், தி கிளாத்.” எவ்வளவு வெறுத்தேன். இப்போது பார்த்தால் நாளில் நான் அவசரப்படாமல் செய்கிற வேலை அது ஒன்றுதான், தோசைக்கல்லைத் துடைப்பது. அப்படி இருக்க, ஸ்டெயின்லெஸ் என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? மறந்துவிட்டால்கூட அப்படியே இருக்கும் என்றான் பார், அதனால்தான். அலமாரியில் போட்டுப் பூட்டிவிடலாம். எப்போது திறந்தாலும் வந்த அன்றைக்கு இருந்த பளபளப்பு. யாரும் தொட வேண்டாம், பார்க்க வேண்டாம். ஹாலில் மாட்டியிருக்கும் ஃபோட்டோ மாதிரி, சிரித்தபடி, யாருடைய கையும் தேவைப்படாமல். இந்த வீட்டில் அப்படி ஒன்று இருப்பது போதாதா?

இந்தப் பூவில் நரம்பு ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. நகத்தால் நோண்ட வேண்டும். எங்கே விட்டேன்? இரும்பு. அவன் எதைச் சொன்னான் என்பது இவருக்குத் தெரியும், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அப்பாவும் பிள்ளையும் வேறு எதைப் பேசினார்கள்? அவன் வேலையை விட்டுவிட்டு மலைக்கு ஆள் கூட்டிப் போகிற வேலைக்குப் போனதிலிருந்து இவர் அவனோடு முகம் பார்த்துப் பேசியதில்லை, சாம்பாரை நகர்த்து, விளக்கை அணை, அவ்வளவுதான். இரும்பு என்று வந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் சாப்பாடு ஆறிப்போவது தெரியாது. அன்றைக்கு ராத்திரியும் அப்படித்தான். “உனக்குக் கத்தி வேணுமா, ரேஸர் வேணுமா? கடினம் ஏத்த ஏத்த நொறுங்கும்டா. பட்டை இரும்பு போடு, லாரி மொத்தமும் அதுமேலதான் நிக்குது.” “லாரி நிக்கும்ப்பா, எட்ஜ் நிக்காது.” “தீட்டிக்கோ! கை எதுக்கு இருக்கு?” சுடவைத்து எண்ணெயில் முக்குவதாம், அப்போது இரும்பு கண்ணாடி மாதிரி விறைத்துப்போயிருக்குமாம், தட்டினால் தெறிக்குமாம், அதனால் திரும்ப ஒரு இளஞ்சூட்டில் வைத்து அதன் கோபத்தை இறக்க வேண்டுமாம். அதற்கு டெம்பர் பண்ணுவது என்று பேர். “அந்த ரெண்டாவது சூடு காட்டாம அனுப்பிட்டாங்கடா உங்கம்மாவ அவங்க வீட்ல” என்றார் இவர், அந்தக் கடங்காரன் புரை ஏறிச் சிரித்தான். நான் ரசத்தைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தேன். ரெண்டு பேரும் இரும்பையே தின்னுங்க, நான் எதுக்கு இங்க வெந்துட்டு இருக்கேன் என்று ஆரம்பித்து, எங்கள் சின்னம்மா வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவன், “சரிப்பா, அப்ப அதுவே போட்டுக்கறேன், விடு” என்றான். அது எனக்குக் கேட்டது. அதுவே. எதுவே? அதற்கு முந்தின வார்த்தை எது? நான் கத்தாமல் இருந்திருந்தால் கேட்டிருக்கும். இவர் சிரித்தார், அது ஞாபகம் இருக்கிறது, ஜெயித்தால்தான் இவர் சிரிப்பார், அப்படியானால் பட்டை இரும்பு. ஆனால் தரணி அதைச் சொல்லும்போது வாயை ஒரு பக்கம் இழுத்தான், அப்பாவைக் கிண்டல் பண்ணும்போது இழுக்கிற மாதிரி. அப்படியானால் பேரிங். இல்லை, விட்டுக்கொடுக்கும்போதும் அப்படித்தான் இழுப்பான், என் மாங்காய்ப் பச்சடியை நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது இழுப்பானே. வலது பக்கமா, இடது பக்கமா? பாருங்கள், இதுகூட இப்போது யோசித்தால்தான் வருகிறது. இன்னும் கொஞ்ச நாளில் யோசித்தாலும் வராது. அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன்? அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது, சொன்னால் டிவியைப் போட்டுக்கோ என்பார்கள்.

அவன் மலைக்குப் போகும்போதெல்லாம் எதற்கெல்லாம் பயந்தேன்! யானை, அட்டை, பாம்பு, பாறை வழுக்கல், பனிச்சரிவு. பேர் தெரியாத நோய்க்கெல்லாம் நெட்டில் தேடிப் பயந்து வைத்தேன். ஒன்றும் அவனைத் தொடவில்லை. திரும்பி வந்து சட்டையைக் கழற்றிப் போட்டு, அம்மா பசிக்குது என்று நிற்பான். கடைசியில் ஐப்பசி மழையில், இந்த வீட்டில், இந்த மின்விசிறிக்கு அடியில், ஒரு கொசு. டெங்கு. பப்பாளி இலையை அரைத்துப் பிழிந்து கொண்டுபோய் நின்றேன், ஒரு வாய் குடிடா கண்ணா என்று. முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, “இதுக்கு யானையே மிதிச்சிருக்கலாம்மா” என்றான். அதற்கு நான் என்ன சொன்னேன்? சீக்கிரம் முழுங்கு, டம்ளர் கழுவணும் என்றேன். ஆஸ்பத்திரியில் எல்லாரும் நல்லவிதமாகத்தான் பார்த்தார்கள், யாரையும் குறை சொல்ல வழியில்லை, குறை சொல்ல வழியில்லாமல் போனதும் ஒரு கொடுமை, என் வாய்க்கு அங்கே வேலையே இல்லை. பதினோராம் நாள் முடிந்து கார்ப்பரேஷனிலிருந்து ஒரு பெண் டார்ச்சோடு வந்தாள், வீடு வீடாகப் பார்க்கிறோம் என்று. பால்கனியில் இவருடைய செம்பருத்தித் தொட்டி. தண்ணீர் வடிந்து கீழ் வீட்டு மிஸஸ் கோமதிநாயகத்தின் துணியில் சொட்டுகிறது என்று அவள் கத்தினதால் இவர் பாடி மார்க்கெட்டிலிருந்து தட்டு வாங்கி வந்து ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் வைத்திருந்தார். அந்தப் பெண் ஒரு தட்டைச் சாய்த்து டார்ச் அடித்தாள். தேங்கிய தண்ணீரில் புழு நெளிந்தது. நான் பார்த்தேன். இவரும் பார்த்தார். அவள் என்னமோ எழுதினாள், போனாள். அன்றைக்குச் சாயங்காலம் இவர் ஒவ்வொரு தொட்டியாக, ரோஜா, செம்பருத்தி, பூ வைத்திருந்த நந்தியாவட்டை, எல்லாவற்றையும் தனியாகத் தூக்கிக்கொண்டு படி இறங்கி இறங்கிக் கீழே வைத்துவிட்டு வந்தார். லிஃப்டில் போகவில்லை. நான் உள்ளே பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் ஒரு வார்த்தை அதைப் பற்றி இந்த வீட்டில் இல்லை. நந்தியாவட்டை இருந்த இடத்தில் தரையில் துரு வட்டம் ஒன்று இருக்கிறது, தொட்டி ஸ்டாண்டின் தடம், அதைத் தேய்த்தாலும் போகவில்லை, நான் தேய்ப்பதை விட்டுவிட்டேன்.

இந்த ஊரில் எந்தக் கொசு எங்கே பிறந்தது என்று யார் கண்டது? எதிரே கட்டிப் பாதியில் விட்ட கட்டடம் இருக்கிறது, அதன் கிடங்கில் நிற்கிற தண்ணீரில் படகே விடலாம். அவன் எந்த டீக்கடையில் உட்கார்ந்தானோ. இதையெல்லாம் நான் இவருக்குச் சொல்லலாம், சொன்னால் நான் அதை யோசித்தேன் என்று ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் எனக்கு வாய் உண்டு, மாமியார் செத்த வீட்டிலேயே சமையல்காரனைத் திட்டினவள் நான், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை இதுவரைக்கும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை, கனவில்கூட. இன்றைக்குக் காலையில் ‘முடிஞ்சுது’ என்றாரே, அப்போது அது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. முழு வாக்கியமாக, எழுவாய் பயனிலையோடு. அதை முழுங்கிவிட்டு, பேரைச் சொல்லுங்க என்றேன். இவர் என் முகத்தைப் பார்த்துத்தான் எழுந்தார். முழுங்கினதைப் பார்த்துவிட்டாரா? அப்படிப் பார்த்திருந்தால் சொன்னதற்கும் சொல்லாததற்கும் என்ன வித்தியாசம்? அதனால்தான் அந்த அறைக்குள் போனாரா? உள்ளே சத்தமே இல்லையே. மின்விசிறிகூடப் போடவில்லை, இந்தப் புழுக்கத்தில்.

எழுந்தேன். எண்ணெய்க் கையைப் புடவையில்தான் துடைத்தேன், மன்னிக்கவும் சிஸ்டர். கதவருகே போய் நின்றேன். “கேக்குதா? அந்த ஆம்பூர்ப் பையன் இப்பக் கூப்பிடுவான். கத்தி வேணுமா வேணாமாங்கறது அப்புறம். அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவன் எதைச் சொன்னான்? பேரிங்கா, பட்டையா? அதை மட்டும் சொல்லுங்க, உங்களை வேற ஒண்ணும் கேக்கலை.” காதைக் கதவில் வைத்தேன். “நான்தான் கத்திட்டு இருந்தேனே, எனக்குக் கேக்கலை. உங்களுக்குக் கேட்டுச்சு. சிரிச்சீங்க.” தரையில் கால் நகர்கிற சத்தம் மாதிரி ஒன்று. அவ்வளவுதான். கதவின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் நிற்கிறோம் என்று தோன்றியது, நடுவில் ஒரு பலகை. ஃபோன் அடித்தது. அவனுடைய ஃபோன், அவன் வைத்த பாட்டு, இந்த வீட்டில் அந்தப் பாட்டு ஒலித்தால் இரண்டு பேருக்கும் ஒரு நொடி மூச்சு நின்றுதான் திரும்பும், கதவுக்கு அந்தப் பக்கமும் நின்றிருக்கும், எனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு கதவுக்கே வந்தேன். வேண்டுமென்றேதான். இவருக்கு ஒரு குணம் உண்டு, யாராவது இரும்பைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் பொறுக்காது, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரன் சொன்னால்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திருத்துவார். நான் தப்பாகச் சொன்னால் கதவைத் திறந்துகொண்டு வந்தே தீருவார்.

“ஆன்ட்டி, தம்பி என்ன சொன்னாரு?” பின்னால் ஏதோ சாணை சுற்றுகிற சத்தம். “பட்டை இரும்பு” என்றேன், கதவுக்குக் கேட்கிற மாதிரி. “லாரி ஸ்பிரிங் பட்டை. அதைத்தான் போடணும்.” காத்திருந்தேன். கதவு அப்படியே இருந்தது. இம்தியாஸ், “சூப்பர் ஸ்டீல் ஆன்ட்டி, ஆனா சொல்லிடறேன், அது துரு பிடிக்கும். நீங்க வேற கடல் பக்கம்ன்றீங்க. தம்பி துடைக்க மாட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றான். அவன் துடைக்க மாட்டான். “நான் துடைப்பேன்” என்றேன். “தினமுமா ஆன்ட்டி?” “தினமும். எண்ணெய் போட்டு வெப்பேன். எனக்குத் தெரியும்.” அந்தப் பக்கம் சாணை நின்றது. எனக்குப் பயமாகிவிட்டது, எங்கே கேட்டுவிடப்போகிறானோ, தம்பி எப்ப ஆன்ட்டி வருவாரு என்று. கேட்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, “தேங்காயெண்ணெயே போதும் ஆன்ட்டி, ஒரு சொட்டு” என்றான். “முதல்ல கொஞ்ச நாள் கலர் மாறும், நீலமா, சாம்பலா. பயந்துடாதீங்க, தேச்சுடாதீங்க. அது அப்படித்தான் பழகும்.” சரிப்பா என்றேன். வைக்கப்போனவன், “இன்னும் ஒண்ணே ஒண்ணு. பிடி செய்யணும்ல, கை அளவு வேணும். ஒரு வெள்ளைப் பேப்பர்ல தம்பி கையை விரிச்சு வெச்சுச் சுத்திப் பென்சில்ல வரைஞ்சு...” என்று சொல்லிக்கொண்டே வந்து நிறுத்திவிட்டான். “இல்ல, பரவால்ல ஆன்ட்டி, அவசரமில்ல. பொதுவா ஒரு அளவு வெச்சுக்கூட...” “வேணாம், அனுப்பறேன்” என்றேன்.

ஹாலில் பேப்பர் எடுத்தேன். பென்சில் கிடைக்கவில்லை, தையல் பெட்டியில் துணியில் குறிக்கிற பென்சில் இருந்தது. தரணி பிறந்த அன்றைக்கு நர்ஸ் கொண்டுவந்து காட்டினபோது முகத்தைப் பார்த்து என் ஜாடை என்றார்கள் எங்கள் வீட்டார், இவர் அந்தச் சின்ன முஷ்டியை ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் கொஞ்சம் வெளியே வளைந்திருக்கும், சுண்டுவிரல் உள்ளே சாயும், உள்ளங்கை அகலம், விரல் அவ்வளவு நீளமில்லை. வளர்ந்தபிறகு இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் எந்தக் கை யாருடையது என்று தட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இவர் கையை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்காமல் காப்பி கொடுக்கிறேன், பார்க்காமல் சாதம் போடுகிறேன், டம்ளரை மேஜைமேல் வைத்துவிடுகிறேன், கையில் கொடுப்பதில்லை. அது இன்றைக்கு, இந்தக் கதவுக்கு வெளியே பேப்பரும் பென்சிலுமாக நிற்கும்போதுதான் எனக்கே தெரிகிறது. சமையலறையில் பாதி ஆய்ந்த வாழைப்பூ கறுத்துக்கொண்டிருக்கும். கறுக்கட்டும். கதவைத் தட்டினேன், மெதுவாக, எனக்குப் பழக்கமில்லாத தட்டு.

“பட்டைன்னு சொல்லிட்டேன். தப்புன்னா வந்து திருத்துங்க, இல்லன்னா வேணாம். நான் வேற ஒண்ணும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். கதவைத் திறங்க. உங்க கையை இந்தப் பேப்பர்மேல கொஞ்ச நேரம் வைங்க, போதும். விரலுக்கு நடுவுல பென்சில் போகும்போது கூசும், அவனுக்கும் கூசும், நான் மெதுவா வரையறேன். கையைக் குடுங்க.”